சிவப்பு வண்டியின் இடது சீட்டு

1. லாரி மேல் வந்த கார்

எங்கள் பட்டறைக்கு வண்டிகள் தானாக ஓடி வரும். ஓட முடியாததைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். லாரி மேல் ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வந்த வண்டி அது ஒன்றுதான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பட்டை கட்டுவது எங்கள் தொழில். லாரிக்கு அடியில், வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, அந்த ஸ்பிரிங்குக்குத்தான் பட்டை என்று பேர். உடைந்தால் மாற்றுவோம். பாரம் தாங்காமல் தட்டையாகிவிட்டால் சூடேற்றி மறுபடி வளைவு ஏற்றுவோம். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். நாலாம் வகுப்புக்கு வர வேண்டாம் என்று வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டதாக ஊரில் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த மறுமாதமே பட்டறையில் சுத்தியல் பிடித்தேன். பேரன் பேத்தி எடுத்த பிறகும், ஒரு பட்டை நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது இந்தப் பாவாயிதான். என் முதுகு நேராக இல்லை, அது வேறு விஷயம்.

லாரியிலிருந்து காரோடு இறங்கியவர் ராமலிங்கம். கோழிப்பண்ணை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது. காற்று பலமாக அடித்தால் வேட்டியோடு சேர்ந்து ஆளும் பறந்துவிடுவார் போல ஒல்லி. கார் அவரையும் மிஞ்சின பொடிசு. என் இடுப்பு உயரம்கூட இல்லை. சிவப்பு நிறம், மேலே கூரை கிடையாது, ரெண்டே ரெண்டு சீட்டு. வெளிநாட்டில் செய்ததாம், அவர் வயது அதற்கும் இருக்குமாம்.

“ஏனுங்க சாமி, மிச்ச வண்டி பின்னால வருதுங்களா? பாதிதான் எறக்கியிருக்கறீங்க” என்றேன்.

“அக்கா, இது ஸ்போர்ட்ஸ் காருங்க. ரெண்டு பேருதான் ஒக்காரலாம்.”

“புள்ளைங்க?”

“அவங்க சென்னைல இருக்கறாங்க.”

“அதானே பாத்தேன். புள்ளைங்களைச் சென்னைக்குத் தாட்டி உட்டுப்போட்டுத்தான் வாங்கியிருக்கறீங்க.”

அவர் சிரிக்கவில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

“வெளையாட்டில்லைங்க்கா. சரோஜா ஒரே ஒரு தடவைதான் இதுல ஏறுனா. சேந்தமங்கலம் போயிட்டு வாரதுக்குள்ள இடுப்பு புடிச்சுக்கிச்சு. ‘ஆடி பதினெட்டுக்குக் கொல்லிமலைக் கோயிலுக்கு இந்த வண்டில என்னைய நோவில்லாம கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க. இல்லீன்னா வித்துப்போடுங்க’ன்னு சொல்லிப்போட்டா. பெங்களூருக்காரரு ஒருத்தரு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கறாரு. ஆடி பதினெட்டுக்கு மறுநாள் வாரேன்னு சொல்லியிருக்கறாரு.”

சரோஜா அவருடைய வீட்டுக்காரி. சொன்னால் சொன்னதுதான் என்று பேர் எடுத்த அம்மிணி. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆடி பதினெட்டுக்குப் பதினேழு நாள் இருந்தது.

“கார்க்காரங்க கிட்டக் காட்டுலீங்களா?”

“கோயமுத்தூருல காட்டுனனுங்க. குனிஞ்சு பாத்தாங்க. ‘பின்னாடி பட்டை இருக்குதுங்க, நீங்க நாமக்கல்லுக்கே போயிருங்க’ன்னு அனுப்பிச்சுட்டாங்க.”

நானும் குனிந்து பார்த்தேன். குனிந்தது பாதி, விழுந்தது பாதி. முன்னால் காயில் ஸ்பிரிங். பின்னால் நம் லாரி மாதிரியே பட்டை, ஆனால் தொட்டில் குழந்தைக்குச் செய்தது போல சின்னது. எனக்கு உடனே அதன் மேல் ஆசை வந்துவிட்டது. எடுத்துக்கொண்டோம்.

2. லாரிக்காரன் புத்தி

எங்கள் பட்டறையில் சுத்தியல் மேஸ்திரி அங்கமுத்து. இருபது வருஷமாக என்னோடு இருக்கிறான். தங்கமான கை. ஆனால் லாரியைத் தவிர வேறெதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

எங்கள் தெருவில் ஒருவர் வந்து ‘நல்லாப் பண்ணிக் குடுங்க’ என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்னொரு பட்டை சேர்க்க வேண்டும். எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது. அங்கமுத்து அப்படியே செய்தான். நான் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வருவதற்குள் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாக ஏற்றி, யூ போல்ட்டை முறுக்கி, வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கார் நின்ற கோலத்தைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி மூக்கைக் கீழே வைத்து, வாலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

ராமலிங்கம் பைபாஸ் வரை ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போது பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எப்படிங்க?” என்று கேட்டான் அங்கமுத்து.

“ரோட்டுல ஒரு பீடித்துண்டு கெடந்துச்சுப்பா. மேல ஏத்துனேன். அது எந்தக் கம்பெனி பீடின்னு என்ற முதுகு சொல்லுது.”

“அது வெறும் வண்டியா ஓட்டுனா அப்படித்தானுங்க. பத்து டன் ஏத்திப் பாருங்க, பஞ்சு மாதிரிப் போகும்.”

“பத்து டன்னுக்கு நான் எங்கீப்பா போவேன்? நானும் சரோஜாவும்தான்.”

அங்கமுத்து என்னைப் பார்த்தான். ரெண்டு ஆளை ஏற்றுவதற்கு ஒரு வண்டியா என்ற வருத்தம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

3. சீட்டில் உட்கார்ந்த மூட்டை

அன்றைக்கு ராத்திரியெல்லாம் யோசிக்கவில்லை, நன்றாகத் தூங்கினேன். காலையில் காப்பி குடிக்கும்போது புரிந்தது. லாரியில் டிரைவரின் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அத்தனை டன்னுக்கு முன்னால் அவன் ஒரு ஈ. ஆனால் இந்தக் காரில் சரக்கே மனிதர்கள்தான். யார் ஏறுகிறார்களோ அவர்களை ஏற்றி வைத்துத்தான் வளைவு பார்க்க வேண்டும்.

“சாமி, நீங்க வலது சீட்டுல ஒக்காந்துக்கோங்க. இடது சீட்டுல அம்மிணி எடைக்கு ஏதாச்சும் வெக்கோணும். அம்மிணி எத்தனை கிலோ இருப்பாங்க?”

ராமலிங்கம் மேலே கூரைத் தகரத்தைப் பார்த்தார். வெளியே போன லாரியைப் பார்த்தார். “நாளைக்கு நானே கொண்டாரனுங்க்கா” என்றார்.

மறுநாள் பண்ணையிலிருந்து ஒரு கோழித் தீவன மூட்டை கொண்டுவந்தார். ஐம்பது கிலோ, பிரிக்காதது. அதை இடது சீட்டில் உட்கார வைத்து, மடியில் படிகிற மாதிரி பெல்ட்டும் மாட்டினார்.

நான் சரோஜாவை எத்தனை கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பட்டையில் ஒரு நூல் வித்தியாசத்தைக் கண்ணால் சொல்கிறவள், அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூட்டைக்கு அவர் காட்டிய மரியாதையை ரசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். தொழிலில் நான் செய்த தப்பு இது. எழுதி வைக்கிறேன்.

வேலை மட்டும் குறையில்லாமல் நடந்தது. அங்கமுத்து ஏற்றிய பட்டையைக் கழற்றிப் போட்டோம். பழைய அடுக்கைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, சூடேற்றி, ஆயிலில் முக்கி, வளைவு சரி செய்தோம். பட்டையும் பட்டையும் உரசிக் கத்தாமல் இருக்க நடுவில் மெல்லிய நைலான் துண்டு வைத்தோம். பழைய ஷாக் அப்சர்பர், டப்பாவிலிருந்து கை நீட்டின மாதிரி ஒரு தினுசு. ரெண்டும் ஆயில் ஒழுகிச் செத்திருந்தன. அதைத் தூக்கிவிட்டு, லேத்தில் பிராக்கெட் கடைந்து, குழாய் மாதிரி இருக்கும் புது ஷாக் மாட்டினோம். அதில் ஒரு திருகு உண்டு. திருகினால் கெட்டியாகும், தளர்த்தினால் மென்மையாகும். தேய்ந்த ரப்பர் புஷ் எல்லாம் புதிது. வளைவில் வண்டி சாயாமல் இருக்க முன்னால் குறுக்கே போகிற கம்பியைத் தடிமனாக மாற்றினோம்.

சோதனைக்கு நாமக்கல் வழக்கம் ஒன்று இருக்கிறது. முட்டை வண்டிக்குப் பட்டை கட்டினால் ஒரு அட்டை முட்டையை ஏற்றி ஓட்டிப் பார்ப்போம். அதே மாதிரி மூட்டையின் மேல் முப்பது முட்டை வைத்து அனுப்பினேன். பத்து கிலோமீட்டர் சுற்றிவிட்டு ராமலிங்கம் வந்தபோது முப்பதும் முழுசாக இருந்தது.

“அக்கா! தண்ணில போற மாதிரிப் போகுதுங்க்கா!” என்று குதித்தார். அங்கமுத்துகூட லேசாகத் தலையை ஆட்டினான். முட்டையை அவனே வீட்டுக்கு எடுத்துக்கொண்டும் போனான்.

4. திரும்பி வந்தது ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை சரோஜா வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாடு பிடிக்கப் போகிற மாதிரி காரைச் சுற்றி வந்தாள்.

“பாவாயக்கா, நீங்க பண்ணியிருக்கறீங்கன்னுதான் ஏறுறேன்.”

“ஏறு அம்மிணி. பூவாட்டம் போயிட்டு வருவே.”

மோகனூர் ரோட்டில் போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கார் திரும்பி வந்தது. வலது சீட்டில் ராமலிங்கம். இடது சீட்டில் காற்று.

“அம்மிணி எங்கீங்க?”

“பஸ்ஸுல வாராங்க.”

நடந்தது இதுதான். முதல் வேகத்தடையில் இடது பக்கம் அடியில் ‘ணங்’ என்று இடித்திருக்கிறது. சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டாவதில் இடித்தது. மூன்றாவதிலும் இடித்தது. நாலாவதில் இடித்தபோது, ‘நிறுத்துங்க’ என்று ஒரே ஒரு வார்த்தை. இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சொன்னாளாம்: “அந்தப் பெங்களூருக்காரரைத் தேதி மாத்தாம வரச் சொல்லுங்க.”

ஆடி பதினெட்டுக்கு நாலே நாள் இருந்தது. ராமலிங்கம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற அப்பன் மாதிரி இருந்தது.

5. ரப்பர் சொன்ன சாட்சி

காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போய்ப் பார்த்தேன். பட்டை ரொம்ப அமுங்கினால் இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். பம்ப் ஸ்டாப் என்போம். வலது ரப்பரில் தூசி அப்படியே இருந்தது. இடது ரப்பர் அடிபட்டு, தேய்த்துக் கழுவின மாதிரி பளபளவென்று இருந்தது. மூட்டை உட்கார்ந்தபோது இடிக்கவில்லை. சரோஜா உட்கார்ந்தபோது இடித்திருக்கிறது. அப்புறம் சாட்சி எதற்கு?

வெளியே வந்தேன்.

“ஏனுங்க சாமி, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. அந்த மூட்டை அம்மிணி எடைதானுங்களா?”

“அம்பது கிலோதானுங்க்கா.”

“மூட்டையக் கேக்குல. அம்மிணியக் கேக்குறேன்.”

அவர் குனிந்துகொண்டார். “கல்யாணத்தப்ப அம்பதுங்க. அவங்கப்பாரு அரிசி மண்டி வெச்சிருந்தாரு. நாங்க பொண்ணு பாக்கப் போனப்ப அங்கிருந்த தராசுல வெளையாட்டா ஏறி நின்னா. அம்பது காட்டுச்சு. அதுக்குப் பொறவு நான் கேட்டதே இல்லீங்க. கேக்க முடியுங்களா?”

சுத்தியலைக் கீழே வைத்தான் அங்கமுத்து.

“கல்யாணமாகி எத்தனை வருசமுங்க?”

“முப்பது.”

“லாரிக்கே வருசத்துக்கு ஒருக்கா பட்டையப் பிரிச்சுப் பாக்கறமுங்க. முப்பது வருசமா ஒரே கணக்குல ஓட்டுனா இடிக்காம என்னுங்க பண்ணும்?”

நான் பட்டறையை அவனிடம் விட்டுவிட்டு ராமலிங்கம் வீட்டுக்குக் கிளம்பினேன்.

6. எடை மேடை

சரோஜா எனக்கு மோர் கொடுத்தாள். இடுப்பில் தைலம் மணத்தது.

“வண்டியப் பத்திப் பேச வந்திருந்தா மோரக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க்கா.”

“வண்டியப் பத்தி இல்ல அம்மிணி, உன்ற ஊட்டுக்காரரப் பத்தி. பட்டை பாக்கறதுக்கு உன்ற எடை என்னன்னு கேட்டேன். அம்பது கிலோ மூட்டையக் கொண்டாந்து வெச்சுப்போட்டாரு.”

“அம்பதா?”

“அம்பதேதான். பெல்ட்டெல்லாம் மாட்டி உட்டாரு.”

“அம்பதுன்னா சொன்னாரு!” என்று சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“உங்கப்பாரு மண்டித் தராசுல நீ ஏறி நின்னயாமா. அன்னிக்கிக் காட்டுன எடையாமா.”

சிரிப்பு நின்றது. மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வர சித்த நேரம் ஆனது. “அதெல்லாம் நெனப்பு வெச்சுட்டிருக்குது பாரு அந்த மனுசன்” என்றாள். குரல் இறங்கியிருந்தது. நான் நேரத்தை வீணாக்கவில்லை.

“அதனால நீ ஒருக்கா எடை மேடைக்கு வந்தாப் போதும். காருல ஒக்கார வெச்சே எடை போட்றலாம்.”

“அங்க நூறு லாரிக்காரங்க நிப்பாங்க. அவங்க முன்னால நான் ஏறோணுமா? ஆளை உடுங்க்கா!”

“மொதல்ல நான் ஏறுறேன். என்ற எடைய மைக்குல சொல்லச் சொல்றேன். அதைக் கேட்டவன் எவனும் பொறவு உன்ற பக்கம் திரும்ப மாட்டான்.”

வந்தாள். பட்டறைக்குப் பக்கத்திலேயே லாரி எடை போடும் மேடை. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி நின்றது. அது இறங்கியதும் நான் நடுமேடையில் போய் நின்று கையைத் தூக்கினேன். உள்ளே இருந்தவர் மைக்கைத் தட்டினார். “பாவாயக்கா, தொண்ணூறு!”

டிரைவர்கள் விசில் அடித்தார்கள். “அக்கோவ், ஓவர்லோடு!” என்று ஒருத்தன் கத்தினான். “உங்கப்பன் லாரியவே ஏத்திக்கிட்டுப் போவேன்டா” என்றேன். அந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே ராமலிங்கம் ஓட்ட, சிவப்புக் கார் ஓசையில்லாமல் மேடைக்கு வந்தது. இடது பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடை மேல் நிற்கிற மாதிரி நிறுத்தி, சரோஜாவோடு ஒருமுறை, சரோஜா இல்லாமல் ஒருமுறை எடை போட்டோம். அப்புறம் வலது பக்கம் அதே மாதிரி. மைக்கில் சொல்லக் கூடாது என்று முன்னமே சத்தியம் வாங்கியிருந்தேன். எடை அச்சடித்த துண்டுக் காகிதம் என் கைக்கு மட்டும் வந்தது.

என்ன எண் என்று இங்கே சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு மூட்டை போதாது, ரெண்டு வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

7. பக்கத்துக்கு ஒரு கணக்கு

ரெண்டு நாள் வேலை. வலது பட்டையைத் தொடவில்லை, அது ராமலிங்கத்துக்குச் சரியாக இருந்தது. இடது பட்டையில் அரை அங்குலம் வளைவு கூட்டி, அடியில் மெல்லிசாக ஒரு சின்னப் பட்டை சேர்த்தோம். இடது ஷாக்கின் திருகை ரெண்டு சுற்று கெட்டியாக்கினோம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரையும் ஏற்றி உட்கார வைத்து, பின்னால் டிக்கி மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். குமிழி நடுவில் நிற்கும் வரை இறக்குவது, கழற்றுவது, மாட்டுவது, ஏற்றுவது.

முதல் நாள் காலையில் சரோஜா யாரிடமும் பேசவில்லை. மத்தியானம் முறுக்கு டப்பாவோடு வந்து சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் அங்கமுத்துவை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அங்கமுத்தண்ணா, இந்தப் பக்கம் சித்த எறங்குன மாதிரி இல்லீங்களா?”

“நீங்க முறுக்கு டப்பாவ மடில வெச்சிருக்கறீங்க அம்மிணி. அதைக் கீழ வெய்ங்க.”

வெறும் வண்டியாக நிறுத்தினால் இடது பக்கம் லேசாகத் தூக்கித்தான் நிற்கும். பார்த்தவர்கள் ‘கோணலா இருக்குதே’ என்றார்கள். ரெண்டு பேரும் ஏறினால் ரசமட்டத்துக் குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

8. காரவள்ளி

ஆடி பதினெட்டு காலையில் அவர்கள் மலை ஏறினார்கள். நானும் அங்கமுத்துவும் ஸ்பேனர் பையோடு எங்கள் டெம்போவில் பின்னால் போய், அடிவாரத்தில் காரவள்ளி டீக்கடையில் உட்கார்ந்தோம். ரெண்டு சீட்டு வண்டியில் எங்களுக்கு ஏது இடம்?

போன் வரவில்லை. மலையில் சிக்னல் இல்லையா, சரோஜா அவரோடு பேசாமல் இருக்கிறாளா என்று தெரியவில்லை. இறங்கி வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் சரோஜா இருக்கிறாளா என்று அங்கமுத்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தான். ஏழு பஸ் பார்த்தான்.

மூன்று மணிக்குச் சிவப்பு வண்டி வந்தது. ரெண்டு சீட்டிலும் ஆள். சரோஜா இறங்கினாள். நெற்றியில் திருநீறு. தலைமுடி எட்டுத் திக்கும் பறந்திருந்தது. இடுப்பில் கை வைத்தாள். நான் ஸ்பேனர் பையை எடுத்தேன்.

“அக்கா, முப்பத்தெட்டாவது வளைவுல ஒரு சத்தம் வந்துச்சு.”

“எந்தப் பக்கம் அம்மிணி? இடதா?”

“வலது. எதுர பஸ்ஸு வந்துச்சு. அவரு அலறுன சத்தம்.”

அங்கமுத்து டீயைத் துப்பிவிட்டான். ராமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

“இடுப்பு?” என்று மெதுவாகக் கேட்டார்.

சரோஜா அவர் பக்கம் கையை நீட்டினாள். “அந்தப் பெங்களூருக்காரருக்குப் போனப் போட்டு என்ற கைல குடுங்க” என்றாள்.

அவர் எண்ணைத் தேடினார். அழுத்திவிட்டு, போனை அவள் கையில் கொடுத்தார். மணி அடித்து, அந்தப் பக்கம் எடுத்தார்கள். சரோஜா காரின் கதவில் சாய்ந்துகொண்டு பேசினாள்.

“ஏனுங்க, நாளைக்கு வர வேண்டாமுங்க. வண்டி குடுக்கறாப்புல இல்லீங்க… விலைக்காக இல்லீங்க… இல்லீங்க, வேற ஆருக்கும் குடுக்குல. இது என்ற அளவுக்குப் பட்டை கட்டுன வண்டியா இருக்குதுங்க. நீங்க கொண்டு போனா உங்கூட்டம்மாவுக்குக் கோணலாத் தெரியும்.”

பட்டறைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சுத்தியலைத் தூக்கும் முன்னால் யார் ஏறப்போகிறார்கள் என்று கேளுங்கள். லாரி டிரைவரிடமும் கேளுங்கள், கார்க்காரரிடமும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் மூட்டையை வைத்துச் சமாளிக்காதீர்கள், மூட்டைக்கு வாய் இல்லை, இடித்தாலும் சொல்லாது. நேராக எடை மேடைக்குக் கூட்டிப் போங்கள். முதலில் நீங்கள் ஏறுங்கள்.